உப்புப் போட்ட அடையாளம்

கேன்டீன் சமையல்காரி குடித்துவிட்டு வந்து சமைத்தாளாம். மேல்வீட்டுக்காரி சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி தலையாட்டுகிறாள். இரண்டு பேரும் அவளை ஊதச் சொல்லிப் பார்த்தார்களா? நாக்கின் அடியில் புற்றுநோய் வந்து, எச்சிலே வற்றிப்போனவளுக்குப் பேச்சு குழறாமல் என்ன செய்யும்? வாயை நனைக்க அவள் இடுப்பில் செருகியிருந்த பாட்டிலில் இருந்தது வெறும் தண்ணீர். சந்தேகம் என்றால் அவளுடைய அக்காவைக் கேட்கட்டும்.

அக்காவும் தங்கையும் ஒரே தொழிற்சாலைக் கேன்டீனில் இருபது வருடம். அக்கா காய் நறுக்குவாள். அடுப்பு தங்கையுடையது. தங்கையை ‘பெரிய கரண்டி’ என்றால் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் தெரியும். அளவுக் கிண்ணத்தைத் தொட்டவள் இல்லை. ஆவி முகத்தில் பட்டாலே எந்த அண்டாவுக்கு எத்தனை கை உப்பு என்று சொல்லிவிடுவாள்.

புற்றுநோய்க்கு முப்பத்தைந்து நாள் கழுத்துக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். கூடவே நரம்பில் மருந்தும் ஏற்றினார்கள். கட்டி கரைந்தது, ருசியும் போனது. அதைக்கூட அவள் சிரித்தே சமாளித்தாள்.

“என் நாக்கு லீவுல இருக்கு. அக்கா நாக்குதான் டூட்டி பாக்குது.”

அக்கா பயந்தது வேறொன்றுக்கு. தங்கை பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் பேச்சு அறுந்துவிடும். ஸ்டோர் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். அக்கா டாக்டரிடமே கேட்டாள்.

“கழுத்துக்குத்தானே சார் கரண்ட் வெச்சீங்க? மறதி எங்கேருந்து வந்துச்சு?”

“இந்த வைத்தியத்துல சில பேருக்கு இப்படி ஆகும்மா. சரியாகலாம். ஆகாமலும் போகலாம்.”

பின்பாதியை அக்கா தங்கையிடம் சொல்லவே இல்லை.

ஒருமுறை பருப்பில் உப்பே இல்லை என்று புகார் போனது. இன்னொன்று வந்தால் அடுப்பை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பிள்ளையில்லை, புருஷன் போய்ச் சேர்ந்தான். அந்த அடுப்பும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? அதனால் அக்கா ஒரு வழி செய்தாள். உப்புப் போட்டதும் தங்கை அண்டாவின் கைப்பிடியில் ஒரு துணித் துண்டைக் கட்டிவிட வேண்டும். துணி இருந்தால் உப்பு விழுந்தாயிற்று, மறுபடி போடக்கூடாது. மூன்று மாதம் அப்படியே ஓடியது.

அன்றைக்கும் அக்கா பருப்பை ருசி பார்த்துத் தலையாட்டிவிட்டுக் காய்க்குத் திரும்பினாள். சாப்பாட்டு மணி அடித்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, தட்டெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு.

மேனேஜர் வந்து நின்றார். “யார் பார்த்த வேலை இது?”

“நான்தான் சார்,” என்றாள் அக்கா. “அவ போட்டது தெரியாம நானும் போட்டுட்டேன்.”

“அப்ப நாளையிலேருந்து நீங்க வரவேணாம்மா.”

தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியைக் காட்டினாள். அங்கே துணித் துண்டு ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“அழுக்கா இருந்துச்சு, அவுத்துத் துவைச்சுப் போட்டேன். அது எதுக்குக்கா அண்டாவுல கட்டியிருந்துச்சு?”

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். “உப்புப் போட்டதுக்கு அடையாளம்டி.”

“எனக்காகவா?”

அக்கா அந்தத் துணியை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

தங்கை ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து மேடைமேல் வைத்தாள். “சார், ரெண்டு தரமும் நான்தான் போட்டிருக்கேன். அக்காவ அனுப்பாதீங்க. பாவம், எனக்காகப் பொய் சொல்லுது.”

“எங்கடி போற? இரு, நானும் வர்றேன்.”

“நீயும் வந்துட்டா அந்த ஜனம் எதைத் திங்கும்? மறுபடி உலை வை. வீட்டுக்குப் போக எனக்குத் தெரியாதா?”

அக்கா கையில் தண்ணீர்க் குடத்தோடு ஜன்னலில் நின்று பார்த்தாள். தங்கை வாசலைத் தாண்டினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வெயிலில் வெகுநேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெரிந்த வழியில் போகிறவளைப் போல விறுவிறுவென்று நடந்தாள்.