கூரையில் உருகாத பனி

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் காரியாபட்டிச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பிதான் கூப்பிட்டார். "மீனா டீச்சர், அக்கா காலையில எந்திரிக்கல. தூக்கத்துலயே உசுரு போயிருச்சு." சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயம் பொறுக்கினேன். எடைபோட்ட பிறகும் நகராமல் நின்ற என்னிடம் கடைக்காரர், "என்னம்மா, வேற எதுவும் வேணுமா?" என்று கேட்டார். முந்தின நாள்தான் டீச்சர் திருச்சுழி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் கூரையைப் பற்றிக் காது புளிக்கப் பேசியிருந்தார்.

அவரிடம் கணக்கு படித்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். நான் அவர் வேலை பார்த்த அதே பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு, தம்பி வீட்டுக்கு அடிக்கடி வருவார். அந்தப் பயணங்களில் அவர் பேசியதையெல்லாம் கேட்ட, அதே பஸ்ஸில் போகும் எங்களுக்கு ஒரே குழப்பம்தான். மழையே எட்டிப் பார்க்காத ஊரில் இந்த அம்மாள் ஏன் பனிக்கட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்? மூளை குழம்பிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன்.

கதை இதுதான். பேத்தி பிறந்தபோது டீச்சர் அமெரிக்காவுக்குப் போனார். மகன் டேவிட்டும் மருமகள் நிர்மலாவும் இருப்பது கடுமையாகப் பனி கொட்டும் ஊர். ஒருநாள் ஃபோனில் என்னிடம், "ஏ மீனா, வெளிய ஒரு சொட்டு மழை இல்ல. எல்லாம் ஒறஞ்சு கல்லா கெடக்கு. ஆனா வீடு ஒழுகுது!" என்றார். உறைந்து கிடக்கும் தண்ணீர் எப்படி ஒழுகும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவருக்கும் அப்போது புரியவில்லை. கூரை ஓரத்தில் பனிக்கட்டி கரைபோல் எழும்பி, தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. நம் ஊர் ஆளுக்கு என்ன தோன்றும்? நமக்குச் சூடு என்றால் மொட்டைமாடியிலிருந்து வீட்டுக்குள் இறங்குவது. சித்திரையில் மின்விசிறியே அனலைத்தான் அள்ளி வீசும். வீட்டுச் சூடு மேலே ஏறிக் கூரையைக் கெடுக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? கூரை குளிரில் கிடக்கிறது, கொஞ்சம் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று டீச்சர் முடிவு செய்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் ஹீட்டரைக் கூட்டி வைத்தார். கூரைக்குக் கீழே இருக்கும் பரணுக்கு ஏறும் கதவையும் திறந்து வைத்தார். தினமும் அதையே செய்தார். யாரிடமும் சொல்லவில்லை, உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மேலே ஏறிய சூட்டில் கூரைப் பனி அடியிலிருந்து உருகியது. உருகிய தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து மறுபடி உறைந்து, கரை இன்னும் உயர்ந்தது. பின்னால் தேங்கிய தண்ணீர் கூரை ஓடுகளுக்குள் புகுந்தது. ஒரு மத்தியானம் குழந்தை அறையின் உள்கூரை ஊறிப் பெயர்ந்து தொட்டிலுக்குள்ளேயே விழுந்தது. அந்த நேரம் குழந்தை டீச்சரின் மடியில் இருந்தது. கர்த்தர்தான் காப்பாற்றினார் என்பார்.

பரண் கதவு திறந்திருந்ததைப் பார்த்த நிர்மலா கத்தவில்லை. "அத்தை, நீங்க ஒண்ணும் செய்யாம இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். டீச்சர் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். அதன்பிறகு நிர்மலா ஃபோனில் வந்தால் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதோடு சரி. வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வார்த்தைக்காகத்தான் டீச்சர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழைப்பு வராமலே மதுரைக்குப் போய்க் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் கூரைப் படிப்பு ஆரம்பமானது. செல்ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் பஸ்ஸில் எங்களுக்கு நடத்தினார். "இட்லிச் சட்டி மூடிய நெனச்சுக்கோ. ஆவி பட்ட தண்ணி ஓரத்துக்குத்தான ஓடுது? ஓரம் ஒறஞ்சு கெடந்தா அது எங்க போகும்?" பனிக்கட்டியை உடைக்கப் போகக் கூடாது, ஓடு பெயர்ந்துவிடும். ஏணி வைத்து ஏறவும் கூடாது. தரையில் நின்றபடியே நீளக் கழியால் ஓரத்துப் பனியை இழுத்துவிட வேண்டும். கட்டி சேர்ந்துவிட்டால், அதற்கென்றே விற்கும் உப்பைப் பழைய காலுறையில் அடைத்துக் குறுக்கே வைத்தால், அது உருக்கிய தடத்தில் தண்ணீர் இறங்கிவிடும். அதெல்லாம் வந்த பிறகு பார்க்கிற வைத்தியம் என்பார். வராமல் இருக்க, பரணின் தரையில் இருக்கும் சந்துகளை அடைத்து, சூட்டைத் தடுக்கும் பஞ்சு மெத்தையைக் கனமாகப் பரப்பி, பரணுக்குள் வெளிக்காற்று வந்துபோக விட வேண்டும். "சூட்ட வீட்டுக்குள்ள வச்சுக்க, கூரையக் குளுர விடு." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

பரளச்சி ஊர்க்காரர் ஒருவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "டீச்சர், மொதல்ல எங்க காட்டுக்கு மழைய வரச் சொல்லுங்க. பொறவு கூரையப் பாப்போம்" என்றார். பஸ்ஸே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இறங்கும்போது என்னிடம் மெதுவாக, "இதெல்லாம் நிர்மலாகிட்டச் சொல்லணும் மீனா. சொன்னா, பழசக் கிண்டுறேன்னு நெனச்சுக்குவாளோ?" என்று கேட்டார்.

அடக்கத்துக்கு டேவிட்டும் நிர்மலாவும் வந்தார்கள். நிர்மலா அழவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்லறையிலிருந்து திரும்பும்போது அவளே என் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், அத்தை உங்ககிட்ட அந்தக் கூரையப் பத்திப் பேசுவாகளா?"

"பேசாத நாளில்லம்மா."

"வாங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும். அவுகளுக்குப் பழைய ஞாபகம் வந்து சங்கடப்படுவாகளேன்னு விட்டுருவேன். கூரையச் சரி பண்ணிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

அப்போதுதான் அழுதாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே கூரையைப் பற்றித்தான் நினைத்திருக்கிறார்கள், ஒருவரிடம் ஒருவர் வாயைத் திறக்காமல்! பிறகு டீச்சர் பஸ்ஸில் நடத்தியதை இட்லிச் சட்டி உட்பட ஒன்று விடாமல் அவளுக்குச் சொன்னேன். தமிழ் டீச்சரான நான், பனியைக் கண்ணால் கண்டிராதவள், அருப்புக்கோட்டையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பனிக்கட்டிப் பாடம் எடுத்தேன்.

மார்கழியில் நிர்மலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் கூரை நடுவில் பனி உருகிக் கறுத்திருந்தது, ஓரமெல்லாம் பனிக்கட்டி தொங்கியது. இவர்கள் வீட்டுக் கூரை மட்டும் முழுக்க வெள்ளை. "டீச்சர், அத்தை சொன்ன மாதிரியே சந்தெல்லாம் அடைச்சு மெத்தை போட்டோம். எங்க வீட்டுல மட்டும் பனி உருகவே மாட்டேங்குது. ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டோமா?" என்று கேட்டிருந்தாள்.

இதற்கு எனக்குப் பதில் தெரியும். "பனி உருகாம உக்காந்திருந்தா, சூடு வீட்டுக்குள்ள பத்திரமா இருக்குன்னு அர்த்தம். பிள்ள தைரியமாத் தூங்கலாம்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே அவர் பேசிய மாதிரியே எழுதி அனுப்பினேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். என் வீட்டுக்கு எந்தக் காலத்திலும் உதவாத ஒரு வாக்கியம். அதை நான் மறக்கப் போவதில்லை. படம் வந்த அன்று திருச்சுழி பஸ்ஸில் இருந்தேன். பதில் அனுப்பி முடித்ததும், பழைய பழக்கத்தில், டீச்சர் பார்க்கட்டும் என்று ஃபோனைப் பக்கத்து இருக்கையின் பக்கம் நீட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு வீடு தாயி?" என்று கேட்டார்.

"எங்க டீச்சரோட பேத்தி வீடு" என்றேன்.