பச்சை வண்ணம் அடித்த பத்தி

மாலையில் அப்பா கொண்டுவரும் "ஜுர்னால்" தாளில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். தொட்ட விரலெல்லாம் கருத்துவிடும். காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து குமாஸ்தாவாக இருந்த அவர், வியட்நாமியப் பத்திரிகையையும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லால்தான் குறிப்பிடுவார். போர் நடந்த அந்த ஆண்டுகளில் அதன் முதல் பக்கத்திலேயே ஒன்றிரண்டு இடங்கள் அச்சில்லாமல் வெள்ளையாகக் கிடக்கும். ஏன் என்று நான் நச்சரித்தபோது, "ஒனக்குப் படம் போடத்தான் பாப்பா விட்டுருக்காங்க, பேசாமப் போடு" என்றார். அம்மா இல்லாத வீட்டில், என் நிறத்தைக் கேலி செய்து சந்துப் பிள்ளைகள் ஆட்டத்தில் சேர்க்காத எனக்கு, ஒரு பத்திரிகையே இடம் ஒதுக்குகிறது என்றால் பெருமைக்குக் கேட்கவா வேண்டும்! செய்திகளை வெட்டிய தணிக்கை அதிகாரிகளுக்கு, விவரம் தெரியாமலே, நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு வியட்நாமிய அம்மாள் பா ஹாய் ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டுப் பேசுவார். அவருடைய ஒரே மகன், கல்லூரி மாணவன், ஊர்வலத்துக்குப் போய் வீடு திரும்பவில்லை. யாரைப் பிடித்தார்கள் என்று அரசாங்கம் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் மாலை பா ஹாய் மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைய பத்திரிகை பிடிபட்டவர்களின் பெயர்களை அச்சுக்குக் கொடுத்ததாம், அதிகாரிகள் எடுக்கச் சொல்லிவிட்டார்களாம், கடைகளில் ஒரு பிரதிகூட இல்லையாம். அச்சுத் தகட்டிலிருந்து எழுத்துகளை உளியால் கொத்தி எடுப்பார்கள். அவசரத்தில் ஒரு பெயரின் பாதி தப்பித்துவிடுவதும் உண்டு. அந்தப் பாதிக்காகத்தான் அவர் வந்திருந்தார்.

அதற்குள் நான் வெள்ளையாகக் கிடந்த அந்தப் பத்தி முழுவதையும் பச்சை மெழுகு வண்ணக்குச்சியால் அழுத்தி நிரப்பி, வயலாக்கி வைத்திருந்தேன்.

பா ஹாய் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், நகத்தால் மெல்லச் சுரண்டினார், தாள்தான் கிழிந்தது. அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பா ஹாய் என் தலையைத் தடவி, "டெப் குவா", ரொம்ப அழகு, என்று தம் மொழியில் சொல்லிவிட்டுப் போனார். வெட்கத்தில் அதன்பின் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவே இல்லை. அந்தச் சந்தில் என்னோடு பேச ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

இப்போது காரைக்காலில் என் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் ஓர் அங்குல வெள்ளையும் கிடையாது. எடுத்த செய்தியின் இடத்தில் விளம்பரம் உட்கார்ந்துகொள்கிறது, எடுத்ததே நமக்குத் தெரிவதில்லை. மக்களாட்சிக்குப் பத்திரிகைகள் என்ன செய்தன என்று யாராவது மேடையில் பேசினால், நான் அந்தச் சைகோன் பத்திரிகையைத்தான் நினைக்கிறேன். தன் வாயைப் பொத்தியதையாவது அது மறைக்காமல் காட்டியது. நாங்கள் சைகோனைவிட்டுப் புறப்படும்வரை பா ஹாயின் மகன் வரவில்லை. அந்தப் பச்சைக்கு அடியில் அவன் பெயரில் பாதியாவது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.