இரண்டு தட்டு குறைந்த பாட்டு

இடது கை அடிநாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, வலது கை இடையிசையை வாசித்தது. முடிந்ததும் மவுஸுக்குத் தாவி, ஒரு டிரம்ஸ் அடியை மயிரிழை பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி கீபோர்டின் கட்டைகளுக்கே வந்தது. எண்பதுகளில் ஊரே ஆடிய பாட்டு. இன்று கேட்டால் சிரிக்கிறார்கள். படிக்கட்டில் பாத்திரம் உருளுவது போன்ற மின்சார டிரம்ஸ், கண்ணாடித் தம்ளரைத் தட்டியது போல் மினுங்கும் கீபோர்டு. அந்தக் கைகள் இதில் எதையும் மறைக்கவில்லை.

கைகளுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் டிஸ்கோ என்பார்கள். பளபளக்கும் கோட்டு மாட்டிக்கொண்டு விழா மேடைகளில் வாசித்த காலத்தில் ஒட்டிய பெயர். கோட்டு போயிற்று, தலைமுடியும் போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. தனிக்கட்டையான பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மருமகனின் ஒலிப்பதிவுக் கூடத்தில், வாடிக்கையாளர்கள் கூடப் பாடுவதற்காக, பழைய பாட்டுகளின் வாத்திய இசையைக் குரல் இல்லாமல் புதிதாக வாசித்துச் சேர்த்துக் கொடுப்பது வேலை.

வேலை பார்க்கும் இடம், பாடும் அறைக்குள் தடுத்த இன்னொரு அறை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது, பாடும் அறையைப் பார்க்க ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். ஒரே கதவு, அதுவும் பாடும் அறைக்குள்தான் திறக்கும். அங்கே யாராவது பாடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஒன்றுக்குப் போகக்கூட வழியில்லை. அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சாயங்காலம் மருமகனின் காரில் வீடு. அங்கே ஹால் மூலையில் ஒரு கட்டில்.

மருமகன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"என்ன மாமா, யாரையாவது போட்டு அடிக்கறீங்களா? வெளிய வரைக்கும் கேக்குது."

"டிரம்ஸ் மாப்ள."

"இப்ப யாரு இப்படிப் போடறாங்க? கொஞ்சம் மெதுவா, சோகமா பண்ணிடலாம்ல?"

"சந்தோஷமான பாட்ட எதுக்கு சோகமாக்கணும்? இப்ப பாடறவங்க காதுல ரகசியம் சொல்ற மாதிரி பாடறாங்க. இதுல ஒளிவுமறைவே கிடையாது. ஆடணும்னா ஆடு, அவ்வளவுதான்."

"ஆரம்பிச்சிட்டீங்களா! சரி, ஒரிஜினல்ல எப்படியோ அப்படியே போடுங்க. உங்க கோஷ்டி சரக்கெல்லாம் வேணாம்."

"பாட்டைப் பெத்தது அவங்க மாப்ள. வளத்தது எங்க கோஷ்டி."

"வளத்தது போதும். இன்னொரு தடவ சொந்தமா எதையாவது நுழைச்சீங்கன்னா, நாளையிலேர்ந்து வீட்லயே ரெஸ்ட் எடுங்க."

டிஸ்கோ கட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில்தான் மகள், அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில், "அப்பா, அவர எதுத்துப் பேசாதீங்க. உங்ககிட்ட சிரிச்சிட்டு கோவத்த எங்கிட்டதான் காட்டுவாரு" என்று சொல்லியிருந்தாள்.

கோஷ்டிச் சரக்கு என்று மருமகன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரே கேசட்டைக் கேட்டுத்தான் டிஸ்கோவின் இசைக்குழு இந்தப் பாட்டைப் படித்தது. படிப்பதற்கு முன்பே டேப்ரிக்கார்டர் நாடாவைச் சுற்றிக் கசக்கியிருந்தது. கிடார்காரர் கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் செல்லோடேப்பால் ஒட்டினார். துண்டோடு இடையிசையில் இரண்டு தாளத் தட்டும் போயின. அதனால் இரண்டாம் சரணம் சட்டென்று முந்திக்கொண்டு வந்து விழும். அதுதான் பாட்டு என்று நம்பி மேடைக்கு மேடை வாசித்தார்கள். கூட்டமும் அந்த இடத்துக்காகக் காத்திருந்து ஒன்றாகக் குதித்தது. வருஷங்கள் கழித்து அசலைக் கேட்டபோது டிஸ்கோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிடார்காரரிடம் ஓடினார். "இனிமே மாத்தினா மேடைய விட்டு உயிரோட இறங்க மாட்டோம்" என்று அவர் கிடாரைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இப்போது டிஸ்கோ அந்த இரண்டு தட்டையும் திரும்ப வைத்தார். நல்ல பிள்ளையாக, அசலில் உள்ளபடியே.

இந்தப் பாட்டை வாசித்துத் தரச் சொல்லியிருந்தவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஓட்டுநர் சீருடையோடே வந்தாள். பெற்றோரின் கல்யாண நாளன்று அவள் பாட, அவர்கள் ஆட வேண்டுமாம். பாடிப் பார்த்தாள். கட்டைக் குரல்தான், ஆனால் குஷியான குரல். இரண்டாம் சரணத்தில் முந்திவிட்டாள். மறுபடி பாடினாள். மறுபடியும் அதே இடம்.

"முந்தறீங்க மேடம்" என்றான் பக்கத்தில் நின்ற மருமகன். "ஒரிஜினல் இதுதான். பிராக்டீஸ் பத்தல."

"சின்னதுலேர்ந்து பாடறேன் சார். எங்கப்பாம்மா விழா மேடையில கேட்டு ஆடின பாட்டு, அவங்க சொல்லிக்கொடுத்ததுதான். பஸ்ல பசங்ககூட என்கூடப் பாடுவாங்க." முகம் வாடிவிட்டது. "விடுங்க. இந்தப் பாட்டு வேணாம். எல்லார் முன்னாடியும் அசிங்கமாயிடும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டிஸ்கோ எழுந்தார். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மேஜையில், பாடுகிறவரோடு பேசும் பொத்தான் இருந்தது. வாடிக்கையாளர் இருக்கும்போது அதைத் தொடக்கூடாது என்பது மருமகன் போட்ட சட்டம். அழுத்தினார்.

"தப்பு உங்களோடது இல்லம்மா. எங்களோடது. அந்த எடத்துல நாடாவ வெட்டி ஒட்டினது எங்க குழுதான். நீங்க கேட்டு வளந்த பாட்டத்தான் பாடறீங்க."

அவள் ஒன்றும் புரியாமல் கண்ணாடியைப் பார்த்தாள். மருமகன் வாடிக்கையாளருக்கான சிரிப்பை மாற்றாமல், "மாமா, அத வீட்ல பேசிக்கலாம்" என்றான்.

'வீட்ல' என்ற சொல்லில் மகளின் முகம் வந்து நின்றது. மவுஸின் மேல் விரல் அப்படியே நின்றது. விலகிக்கொள்ள அந்த அறையில் இடமில்லை. பிறகு விரல் நகர்ந்து இரண்டு தட்டையும் கத்தரித்தது. வெட்டிய முனைகளை அவர் ஒட்டினார்.

"இப்ப பாடுங்கம்மா."

இரண்டாம் சரணத்தில் பாட்டும் அவளும் ஒன்றாகக் குதித்தார்கள். அவள் பாடிக்கொண்டே சிரித்தாள். மருமகன் மட்டும் டிஸ்கோவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. டிஸ்கோ பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதை உருவி, கதவைத் திறந்து வெளியே வந்தார். மருமகன் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினான். அவனைத் தாண்டிப் போய், பேருந்துச் சாவி தொங்கிய அவள் கையில் வைத்தார்.