சாத்தூர் காரச்சேவு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய சைக்கிளில் கழன்ற செயினை மாட்டியது.

"ஜல்தி மாட்டும்மா. பதினாறாம் தேதி சிவஞானத்தப் பாக்கப் போகணும்."

சிவஞானம் எழுபத்தொன்றாம் வருடப் போரில் அப்பாவின் பக்கத்தில் நின்று இறந்தவர். உடல் ஊருக்கு வரவில்லை. வருடந்தோறும் அந்தப் போர் முடிந்த டிசம்பர் பதினாறுக்கென்று அவர் மனைவி தாயம்மாள், கணவருக்குப் பிடித்த காரச்சேவைச் சாத்தூரிலிருந்து அனுப்புவார். ஓய்வுபெற்ற ஹவில்தாரான அப்பா மெடல்களைக் குத்திக்கொண்டு, டெல்லி லோதி ரோட்டிலிருந்து இந்தியா கேட்டுக்கு சைக்கிளில் போவார். போரில் இறந்த வீரர்களுக்காக அணையாமல் எரியும் அமர் ஜவான் ஜோதிக்கு எதிரே புல்தரையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்து சல்யூட் அடிப்பார். "இந்த வருசம் காரம் கம்மிடா" என்பார்.

நான் இன்ஜினியர். "அதுவும் கேஸ்ல எரியுற அடுப்புதாம்ப்பா" என்றேன் ஒருமுறை.

"அடுப்புக்கு எவன்டி சல்யூட் அடிப்பான்?" என்று சிரித்தார்.

பன்னிரண்டாம் தேதி தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பொட்டலம் நேற்று வந்தது. தாயம்மாளுக்கு நாங்கள் இன்னும் தகவல் சொல்லவில்லை.

இன்று பதினாறு. காலையில் பொட்டலத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினேன். அம்மா வாசலுக்கு வந்தாள்.

"தீட்டு வீட்டுல இருந்து இன்னொருத்தருக்குப் படைக்கக் கூடாதும்மா."

இருட்டிவிட்டது. பொட்டலம் இன்னும் கேரியரிலேயே இருக்கிறது.