சொட்டக் கூடாது என்று நான் அடைத்த பைப்

அந்த வண்டி மூன்றாவது தடவையாகப் பட்டறை வாசலுக்குத் திரும்பி வந்து நின்ற காலையில், டீ வாங்கப் போகிறவன் போலத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நழுவிவிட்டேன். யாரும் டீ கேட்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, முதலாளி பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் ஏழுமலை. எனக்குப் பேச வராது. எட்டாவது வரைதான் படித்தேன். எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

1. மார்கழியில் வந்த புகார்

எண்பதுகளில் திண்டிவனத்தில் காதர் பாய் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் விழுப்புரத்தில் மொபெட், ஸ்கூட்டர் வேலை. எல்லாம் டூ ஸ்ட்ரோக். பாயிடம் வந்த பிறகுதான் பெரிய வண்டியில் கை வைத்தேன். முந்நூற்றைம்பது சிசி, இரும்பு பிளாக், தெரு முனையில் திரும்பும்போதே ஜன்னல் அதிரும். தெரியாததைத் தெரியாது என்று கேட்க எனக்கு வாய் வராது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த வண்டி கால்நடை ஆய்வாளர் தட்சிணாமூர்த்தி சாருடையது. சர்க்கார் ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. மயிலம், பெருமுக்கல் பக்கம் மாட்டுக்கு ஊசி போட அதில்தான் போவார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவியையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன்.

அவர் மனைவி சரோஜா அம்மா வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இந்தாப்பா, உங்க வண்டி எங்க வூட்டு வாசல்ல தெனம் எண்ண ஊத்துது. மார்கழி மாசம். விடியறதுக்குள்ள எழுந்து சாணி தெளிச்சி கோலம் போட்டா, பூசணிப்பூ வெக்கிற எடத்துல கறுப்பா ஒரு தோசை. சாணியே ஒட்ட மாட்டேங்குது. எதிர்வூட்டுக்காரி இன்னாடி கோலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சிருக்கிறன்னு கேக்கறா."

"வண்டி அவனோடது இல்லம்மா, என்னோடது" என்றார் சார்.

"உங்களுத நான் அப்பறம் பேசிக்கிறேன். தம்பி, ஒரு சொட்டு வுழக் கூடாது. ஒரே ஒரு சொட்டு."

நான் தலையை ஆட்டினேன். உட்கார்ந்து பார்த்தேன். இஞ்சின் கேஸிலிருந்து ஒரு ரப்பர் பைப் கிளம்பி, செயின் ஓரமாகப் பின்னால் போய்த் தொங்கியது. அதன் வாயிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து, புழுதி படிந்து இருந்தது.

ஸ்கூட்டர் கார்பரேட்டரில் மிஞ்சின பெட்ரோல் வழிவதற்கு ஒரு சின்ன டியூப் உண்டு. இதுவும் அது மாதிரி, மிஞ்சின ஆயில் வழிவதற்கு என்று நினைத்தேன். மிஞ்சினது உள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு மரச்சக்கையைத் தக்கை மாதிரிச் சீவி, அதன்மேல் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பைப் வாயில் இறுக்கிச் செருகினேன். கம்பியால் கட்டி, டூல் பாக்ஸுக்குப் பின்னால் மடக்கிச் சொருகிவிட்டேன். பத்து நிமிட வேலை.

சரோஜா அம்மா குனிந்து பார்த்தார். சொட்டவில்லை. "பாத்தியா, வாய் பேசலைன்னாலும் கை பேசுது" என்று சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

பாய் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். அவர் வேறு ஒரு வண்டியை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். இது சின்ன வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

2. ஓரிடத்தில் அடைத்தால் வேறிடத்தில்

நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பிளாக் அடியில் ஆயில் கசிந்து, இஞ்சின் கேஸெல்லாம் வழிந்திருந்தது. பாய் பார்த்துவிட்டு, "பேக்கிங் போயிடுச்சி, வேற வெட்டிப் போடு" என்றார். சார்ட் அட்டையில் புதுப் பேக்கிங் வெட்டி, ஷெல்லாக் பசை பூசிப் போட்டேன். நின்றது.

அடுத்த வாரம் இஞ்சின் பக்கவாட்டு மூடியில், டைமிங் கவரில், கசிந்தது. அதையும் கழற்றி, கண்ணாடிமேல் எமரித் தாள் வைத்துக் கவரைத் தேய்த்துச் சமமாக்கிப் போட்டேன். நின்றது.

மூன்றாவது தடவைதான் நான் டீக்கடைக்கு ஓடினது. இந்தத் தடவை செயின் பக்கம். செயின் ஓடுகிற பல்சக்கரம், கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட், அதற்குப் பின்னாலிருந்து ஆயில் வந்து செயினை நனைத்து, செயின் அதைப் பின் டயரில் அடித்திருந்தது. டயரின் ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது.

டீயோடு நான் திரும்பி வந்தபோது சார் பாயிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பாய், வாசல்ல இப்ப ஒண்ணும் வுழறதில்ல. சரோஜா ஏழுமலைய புகழ்ந்துக்கினே இருக்கா. ஆனா வண்டி எங்கனா ஒரு எடத்துல வேர்த்துக்கினே கீது. தை அஞ்சி ஆத்துத் திருவிழாவுக்குப் பாப்பாவ கூட்டிக்கினு பெண்ணையாத்துக்குப் போலாம்னு கீறேன். தாங்குமா?"

பாய் என்னைப் பார்த்தார். "இன்னாடா ஏழுமல, மூணு வாரமா இதே பேஜாரா கீது? கைய வெச்ச எடம் நிக்குது, பக்கத்துல புட்டுக்குது. பேய் கீய் பூந்துக்கிச்சா?"

எனக்கும் அதுதான் கவலை. ராத்திரி சாப்பிடும்போதும் அந்த இஞ்சின் கண்முன்னே வரும். எந்த போல்ட்டை இறுக்கினேன், எதை விட்டேன் என்று ஒவ்வொன்றாக எண்ணுவேன். அந்த மரச்சக்கை மட்டும் நினைவுக்கு வரவில்லை. அங்கேதான் சொட்டவில்லையே. நின்றுபோன இடத்தை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல் புதிதாகப் போட்டோம். பொங்கலுக்கு முந்தின நாள் டயரைத் துடைத்து வண்டியைக் கொடுத்தேன். பண்டிகை முடிந்ததும் இஞ்சினை முழுசாகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று பாய் சொல்லி அனுப்பினார்.

3. மில்காரர் வண்டி

தை ஐந்தாம் நாள் பட்டறை அரை நாள்தான். காலையில் வேர்க்கடலை உடைக்கும் பெருமுக்கல் மல்லாட்டை மில்காரர் ஒருவர் வந்தார். அவருடையதும் அதே வண்டி, அதே வயது. டேப்பெட் சத்தம் என்று கொண்டுவந்திருந்தார். வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பைப் என் கையில் பட்டது. அதே பைப். வாயிலிருந்து புப் புப் என்று காற்று வந்துகொண்டிருந்தது. இஞ்சின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. கூடவே மெல்லிசாக ஆயில் பொட்டு.

காரணம் தெரியாமலே கட்டைவிரலால் அதை அழுத்தி மூடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பிளாக் அடியில் ஒரு மணி மாதிரி ஆயில் முளைத்தது. டைமிங் கவர் ஓரத்தில் இன்னொன்று. விரலை எடுத்தேன். பைப் வாய் பெருமூச்சு விட்டது.

மில்காரர் சிரித்தார். "இன்னா தம்பி, வண்டி மூக்கப் புடிச்சிக்கினு கீற? செத்துரப் போவுது."

மூன்று வாரமாக நான் அந்த வண்டியின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அடைபட்ட காற்று, கிடைத்த மூட்டில் எல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. ஒன்றை நான் மூட, அடுத்ததில் தள்ளியிருக்கிறது. கடைசியாகத் தள்ளின இடம் பின் சக்கரம். புது சீல் எத்தனை நாள் தாங்கும்? சார் இந்நேரம் விழுப்புரம் ரோட்டில் போய்க்கொண்டிருப்பார். டேங்க் மேல் ஆறு வயசுப் பாப்பா, பின்னால் மனைவி.

பாயிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "வயித்த வலிக்குது பாய், வூட்டுக்குப் போறேன்" என்றுதான் வந்தது.

"போ, போ. ஜல்தி போ. மூஞ்சே சரியில்ல" என்றார்.

4. பஸ் படியில்

விழுப்புரம் பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். நான் படியிலேயே நின்றேன். கண்டக்டர், "யோவ், உள்ள எடம் கீதுல்ல, ஏன் தொங்கிக்கினு வர்ற?" என்று இரண்டு தடவை திட்டினார். உள்ளே போனால் ரோடு தெரியாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கேட்காதவன் மாதிரி நின்றேன்.

எதிரே வருகிற, முந்துகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். கூட்டேரிப்பட்டில் ரோட்டோரம் ஒரு கும்பல். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கரும்பு விற்கிறவனைச் சுற்றி நின்ற கும்பல். தார் ரோட்டில் கறுப்பாக எந்தக் கறை தெரிந்தாலும் அந்த வண்டியுடையது என்றே தோன்றியது. எல்லா லாரியும்தான் ரோட்டில் ஆயில் சிந்தும். ஆனாலும் தோன்றியது.

விக்கிரவாண்டி தாண்டி, ஒரு மதகுக்குப் பக்கத்தில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. சார் அதன் பின்னால் குந்தியிருந்தார். மதகுமேல் சரோஜா அம்மா. பாப்பா கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ் போன பிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். சாரின் பேன்ட் முழங்காலில் கிழிந்து மண் ஒட்டியிருந்தது. கொம்புக்கு வர்ணம் அடித்த மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை அழுத்தியிருக்கிறார். ஆயிலில் நனைந்த பின் சக்கரம் நிற்காமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. காலை ஊன்றி, முட்டி தேய எப்படியோ நிறுத்தியிருக்கிறார். மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை.

சார் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அட, ஏழுமல! நீயும் ஆத்துத் திருவிழாவுக்கா? நல்ல நேரத்துல வந்த, பாரு இத."

ஆமாம் சார் என்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவன் போல அந்த மரச்சக்கையைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நல்ல பெயர்கூடக் கிடைத்திருக்கும். அந்த ஆசை எனக்கு வந்தது, பொய் சொல்லவில்லை. பாப்பாவைப் பார்த்தேன். மோவாயெல்லாம் கரும்புச்சாறு.

"இல்ல சார். உங்களத் தேடிக்கினுதான் வந்தேன். அந்தப் பைப்ப நான்தான் அடச்சேன்."

"எந்தப் பைப்பு?"

டூல் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து இழுத்துக் காட்டினேன். கம்பியை அவிழ்த்துச் சக்கையைப் பிடுங்கினேன். உள்ளே தேங்கியிருந்த ஆயில் என் கையெல்லாம் வழிந்தது. "இது வண்டி மூச்சு வுடற பைப்பு சார். சொட்டுதுன்னு அடச்சிட்டேன். பாய்க்குத் தெரியாது. மூணு வாரமா நீங்க வந்ததெல்லாம் இதனாலதான். இன்னிக்கி வுழுந்ததும் இதனாலதான்."

சார் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

சரோஜா அம்மாதான் எழுந்து வந்தார். சக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார். "ஒரு சொட்டு வுழக் கூடாதுன்னு உயிர எடுத்தவ நானு. ஆனா இத அடைக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த மனுசனாவது கேட்டிருப்பாரில்ல? வாயில கொழுக்கட்டயா வெச்சிருந்த?"

நான் குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தேன்.

5. பின் சீட்டில்

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து டயரைத் துடைத்தேன். காய்ந்த மண்ணை அள்ளித் தேய்த்து, மறுபடி துடைத்தேன். பின் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் டிரம்மையும் ஷூவையும் பெட்ரோலால் கழுவி, ரோட்டோரக் கல்லில் ஷூவைத் தேய்த்து மாட்டினேன். பைப்பைச் செயினுக்கும் டயருக்கும் எட்டாமல் கீழ்ப்பக்கமாக இழுத்துக் கட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. சார்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்.

"இப்ப போலாமா?" என்று கேட்டார்.

"மெதுவா போலாம் சார். ஆனா அம்மாவும் பாப்பாவும்..."

சரோஜா அம்மா முடிக்க விடவில்லை. "நானும் பாப்பாவும் பஸ்ஸுல வர்றோம். நீ அவரு பின்னாடி ஏறு. உன் வேலய நீயே ஒக்காந்து பாரு."

விழுப்புரம் வரைக்கும் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். சார் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் என் இடுப்பில் தெரிந்தது, சக்கரம் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று. அதற்கு முன்னால் நான் ரிப்பேர் செய்த எந்த வண்டியிலும் பின்னால் உட்கார்ந்து போனதில்லை. இரண்டு மூன்று தடவை திரும்பிக் குனிந்து பைப்பைப் பார்த்தேன். "ஆடாம ஒக்காருப்பா, நீயே தள்ளி வுட்டுருவ போல கீது" என்றார் சார். அவர் பழையபடி பேசினது அப்போதுதான்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். சரோஜா அம்மா வண்டியைப் பார்க்கவில்லை, கீழே தரையைப் பார்த்தார்.

"சொட்டுதா?"

"சொட்டுதும்மா."

"சொட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலமே திரும்பிப் போய்ப் பாயிடம் சொன்னேன். கையை ஓங்கினார், அடிக்கவில்லை. அந்தச் சக்கையை வாங்கி, மறுநாள் ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஆணி அடித்து வைத்தார். "இனிமே வண்டிய நீதான் டெலிவரி குடுக்கற. இன்னா கழட்டின, இன்னா மாட்டின, எத அடச்ச, எல்லாத்தையும் கஸ்டமர் மூஞ்சப் பாத்து சத்தமா சொல்லணும். எனக்கு உள்ள கேக்கணும்" என்றார். பேச வராதவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. முதல் ஒரு மாதம் வியர்த்துக் கொட்டியது.

சரோஜா அம்மா பிறகு ராத்திரியில் வண்டியை வீட்டு நடையில் ஏற்றி, பைப்புக்கு அடியில் ஒரு கொட்டாங்குச்சி வைத்தார். அடுத்த மார்கழியில் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். கோலம் சுத்தமாக இருந்தது.

இப்போது எனக்கென்று ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. கசிவு என்று ஒரு வண்டி வந்தால், எதை அடைக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் அது எதற்காக வெளியே வருகிறது என்று பார்ப்பேன். வேலை முடிந்ததும் செய்ததையெல்லாம் சத்தமாகச் சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன். இன்றைக்கும் சொல்லும்போது காது சூடாகத்தான் செய்கிறது.