மெத்தையில் வெந்த ஓட்ஸ்

எங்கள் வீட்டு ஓட்ஸ் அடுப்பில் பாதிதான் வேகும். மீதி வேக்காடு மெத்தையில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

அப்பாவுக்குப் பூட்டு ரிப்பேர் வேலை. தெருவுக்கே அவர் பூட்டுக்காரர்தான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இரவு டூட்டி. அதனால் காலைச் சாப்பாடு அப்பா தலையில் விழுந்தது. அவருக்குச் சமைக்கத் தெரிந்தது ஓட்ஸ் ஒன்றுதான். ஆனால் அதைச் செய்யும்போது பார்க்க வேண்டுமே!

முதலில் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுப்பார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிண்டுவார். அப்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சாவி அராவும்போது கடித்துக்கொள்வதுபோலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். பிறகு பால், ஒரு சிட்டிகை உப்பு, பொடியாக நறுக்கிய ஆப்பிள், கை நிறைய உலர்திராட்சை. பாதி வெந்ததும் பானையை இறக்கி, இறுக மூடி, கம்பளியில் சுற்றி, கட்டிலில் அம்மா படுக்கும் பக்கத்தில் வைத்துப் போர்த்திவிடுவார். உள்ளிருக்கும் சூட்டிலேயே அது வெந்து, கரண்டியை நட்டால் நிற்கும் பதத்துக்கு வந்துவிடும். அம்மாவுக்குச் சூடாகச் சாப்பாடும் ஆயிற்று, படுக்கச் சூடான இடமும் ஆயிற்று.

அம்மா வந்ததும் நானும் தம்பியும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்பா நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுவார். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். இன்று என் சமையலறையில் ஓட்ஸ் நொடியில் தயாராகிறது. கம்பளி வாசம் இல்லாத அது எனக்கு ஓட்ஸாகவே தெரிவதில்லை.

பானை வைத்து வைத்து மெத்தையில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. ஒருமுறை வந்த அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, உன் பையன் இன்னுமா படுக்கையை நனைக்கிறான்?" என்று அப்பாவிடம் கேட்டாள். தம்பி அத்தையோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

இன்னொரு நாள் அம்மா அசந்துபோய் வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் போய்ப் படுத்து, பானையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். எங்களுக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது.

"எடுக்காதீங்க. பானையை இழுத்தா அவ முழிச்சுக்குவா" என்று எங்களைத் தடுத்துவிட்டார் அப்பா.

அன்று வெறும் ரொட்டியோடு பள்ளிக்கூடம் போனோம். அப்பா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். காயம் ஆறிவிட்டது, சாப்பாடுதான் இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாளுக்கு நாள் உடம்பு கரைந்தது. இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டு முழுவதையும் மிரட்டியே சாப்பிட வைத்த அம்மாவுக்கு, சொந்தப் புருஷனை ஒரு வாய் சாப்பிட வைக்க முடியவில்லை. அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

மறுநாள் காலை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக அம்மா ஓட்ஸ் கிண்டினாள்.

"தண்ணி எவ்வளவுடி ஊத்துவாரு?"

"யாருக்குத் தெரியும்? கிட்ட போனாலே முறைப்பாரே!"

குத்துமதிப்பாக ஊற்றினாள். ஆப்பிளைக் குழைய வேகவைத்துச் சேர்த்தாள். பிறகு பானையைக் கம்பளியில் சுற்றிப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அதான் வெந்துடுச்சேம்மா. அப்படியே எடுத்துட்டுப் போலாமே."

"நீ சும்மா இரு."

பஸ்ஸில் அதை மடியில் வைத்து அணைத்தபடியே வந்தாள். ஆஸ்பத்திரியில் மூடியைத் திறந்ததும் அப்பா மெல்லத் திரும்பினார். அம்மா ஊட்டிய முதல் கரண்டியை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"வறுக்கவே இல்ல. கட்டி கட்டியா இருக்கு."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசியதே இல்லை.

"மெத்தையில வச்சியா?"

"வச்சேன். உங்க பக்கம்."

"என் பக்கம் எதுக்கு? உன் பக்கந்தானே வைக்கணும்?"

அம்மா கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப அந்தப் பக்கந்தாங்க சில்லுன்னு கிடக்கு."

அப்பா கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி, தானே சாப்பிட ஆரம்பித்தார். மெதுவாக, கட்டிகளை மசித்து மசித்து, கிண்ணத்தைக் காலி செய்தார்.

"நாளைக்குக் கொண்டு வரும்போது வறுத்துக் கொண்டா" என்றார். அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், விடு. உனக்கு இது வராது. சீக்கிரம் வீட்டுக்கு வந்து நானே செய்யறேன்" என்றார்.