வள்ளிக்கு மட்டும் எப்படி இத்தனை பேர்?

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா என் தோழி வள்ளியின் மாடித்தோட்டப் பாட்காஸ்ட்டைப் போனில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அதே மாடித்தோட்டத்தைப் பற்றி என் பாட்காஸ்ட்டில் மூன்று வருடமாகப் பேசுகிறவள் நான். வள்ளிக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

பொறுக்க முடியவில்லை. என் பாட்காஸ்ட்டின் பெயரைச் சொல்லி, “அதக் கேட்டிருக்கீகளா?” என்றேன். என்னுடையது என்று சொல்லவில்லை.

“கேட்டேன்த்தா. எடுத்த எடுப்புல, ‘போன வாரம் சொன்ன மண் கலவைய எடுத்துக்கங்க’ன்னாக. போன வாரம் நான் அங்க இருந்தேனா? இந்தப் புள்ள அப்படியில்ல. ‘புதுசா வந்திருக்கீகளா? வாங்க, இங்குட்டிருந்து ஆரம்பிங்க’ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுது. அங்குட்டு ‘வாங்க’ன்னு கேக்கக்கூட ஆளில்ல.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன மாதம் புதுவயலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா என்னை ‘வாங்க’ என்று கேட்டு வரவேற்கவில்லை என்பதற்காக, பந்தியில் உட்காராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் வள்ளியின் முதல் பகுதியைக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிகிறது. லைக் போடவில்லை.

இங்கே புதிதாக வந்திருப்பவர்களே, வாங்க, வாங்க. என் பாட்காஸ்ட்டில் எதை முதலில் கேட்கலாம் என்று இன்றே எழுதிப் போடுகிறேன்.

ஏற்கெனவே வள்ளி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், அதை மட்டும் கமெண்டில் சொல்ல வேண்டாம்.